கடல்வழி வந்த சொல்லும் கச்சேரி வழி வந்த சொல்லும்

தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் அரபுச் சொற்கள் மிகுதியாக ஒலித்த இடம் எது என்று கேட்டால், பள்ளிவாசல் என்றே நம்மில் பலரும் தயங்காமல் விடை கூறுவோம். அந்த விடை முற்றிலும் சரியன்று. ஓதப்படும் திருமறையையும் தொழுகையில் மொழியப்படும் துதிகளையும் தனியே வைத்துவிட்டு, மக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சை மட்டும் கணக்கில் கொண்டால், அரபுச் சொற்கள் மிகுதியாகப் புழங்கிய இடம் தாசில்தார் கச்சேரியே ஆகும். அங்கே வந்து நிற்கும் குடியானவர் முஸ்லிமாக இருக்க வேண்டியதில்லை. அரபு என்றொரு மொழி உண்டு என்பதைக்கூட அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. "இந்த ஆண்டு மகசூல் சரியில்லை, வசூலுக்கு வந்தவரிடம் பாக்கிக்கு வாய்தா கேட்டேன், இப்போது ஜப்தி செய்வதாகத் தாக்கீது வந்திருக்கிறது" என்று அவர் முறையிடுவாரானால், அந்த ஒரே முறையீட்டில் ஆறு அரபுச் சொற்கள் இருக்கின்றன.

அதே தெருவில் உள்ள பள்ளிவாசலுக்கு வாருங்கள். "தொழுகைக்கு நேரமாகிவிட்டது, நோன்பு திறக்கக் கஞ்சி வந்துவிட்டதா? பிறை தெரிந்தால் நாளை பெருநாள்" என்ற பேச்சே அங்கே கேட்கிறது. இதில் அரபு ஒன்றேனும் உண்டா? தொழுகை தமிழ், நோன்பு தமிழ், பிறை, பெருநாள், பள்ளிவாசல் யாவும் தமிழ். அரசாங்கக் கணக்கு அரபில் நடந்தது, அல்லாஹ்வை வணங்கும் செயல்களுக்கோ தமிழில் பெயர் அமைந்தது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்ந்தால், நம் சமுதாயத்தின் வரலாறு முழுவதுமே அதனுள் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

முதலில் கச்சேரிச் சொற்களைப் பார்ப்போம். (கச்சேரி என்ற சொல் அரபு அன்று, இந்துஸ்தானி. அலுவலகத்தைக் குறித்த அது தமிழ்நாட்டில் பாட்டுக் கச்சேரியாகிவிட்டது. இலங்கையில் மாவட்டச் செயலகத்தை மக்கள் இன்றும் கச்சேரி என்றே வழங்குகின்றனர்.) வசூல் என்பதற்கு அரபில் வந்து சேருதல் என்று பொருள். மகசூல் என்றால் கிடைக்கப்பெற்றது. தாசில்தார் என்பதில் உள்ள 'தஹ்ஸீல்' ஈட்டுதல், திரட்டுதல் என்னும் பொருளுடையது. 'தார்' என்ற விகுதி உடையவர் எனப் பொருள்படும் பாரசீகம். ஜில்லா என்பதன் மூலச்சொல்லுக்கு விலா எலும்பு என்பது பொருள். நாட்டின் ஒரு பக்கம் என்ற கருத்தில் அது மாவட்டப் பெயராயிற்று. இலாகா என்றால் தொடர்பு. அசல் என்றால் வேர். நகல் என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்லுதல். வாய்தாவின் மூலமாகிய 'வஅதா' என்பதற்கு வாக்குறுதி என்று பொருள். நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்கி அலைந்தவர்களிடம் இந்தப் பொருளைச் சொன்னால் அவர்கள் சிரிக்கக்கூடும்.

சில சொற்கள் வரும் வழியில் பொருளை முற்றும் மாற்றிக்கொண்டன. சவால் என்றால் அரபில் வெறும் கேள்வி; தமிழில் அது அறைகூவல் ஆயிற்று. மாமூல் என்றால் வழக்கமாகச் செய்யப்படுவது; அந்த வழக்கம் எப்படிப்பட்டது என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ராஜினாமா என்பது இசைவுப் பத்திரம். பதவியை விட இசைந்து எழுதிக்கொடுக்கும் தாளுக்கு இங்கே அது பெயராகிவிட்டது. தகராறு என்ற சொல்லின் மூலமோ 'தக்ரார்'. அதற்குத் திரும்பத் திரும்பச் செய்தல் என்று பொருள். மதரஸாக்களில் மாணவர்கள் ஒன்றுகூடி அன்றைய பாடத்தை மீண்டும் சொல்லிப் பார்ப்பதற்குத் தக்ரார் என்றே பெயர். சொன்னதையே திரும்பச் சொன்னால் மதரஸாவில் பாடம் மனத்தில் பதியும். கச்சேரி வாசலில் அது சண்டையில் முடியும்.

இச்சொற்களில் பல, நம் மார்க்கச் சொற்களுடன் உடன்பிறந்தவை. ஜமாபந்தியில் உள்ள 'ஜமா'வும், ஜமாஅத்தும், ஜும்ஆவும் ஒன்றுசேர்த்தல் என்னும் ஒரே வேரில் முளைத்தவை. கலெக்டர் வந்து தங்கும் முகாமும், கஅபாவின் அருகிலுள்ள மகாமு இப்ராஹீமும் ஒரே சொல்தான். சட்டம் 'அமலுக்கு' வருகிறது என்கிறோம். நாம் செய்யும் நல்லமல்களும் அதே அமல்தான். வக்கீல், பாக்கி, வாரிசு ஆகிய மூன்று சொற்களையும் எண்ணிப் பாருங்கள். அல்வகீல், அல்பாகீ, அல்வாரிஸ் என்பவை அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களில் உள்ளவை. பொறுப்பேற்பவன், என்றும் நிலைத்திருப்பவன், அனைத்திற்கும் இறுதி உரிமையாளன் என்று அவற்றிற்குப் பொருள். அதே வேர்கள் மனிதரின் வழக்கையும் கடனையும் சொத்துரிமையையும் குறிக்கவும் பயன்பட்டன. நில வரித் திட்டத்தின் பெயராகிய ரயத்துவாரியில் உள்ள 'ரயத்து', மேய்ப்பவனின் பொறுப்பில் விடப்பட்டவர் என்னும் பொருளுடைய 'ரஇய்யத்' ஆகும். ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவரைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்ற புகழ்பெற்ற நபிமொழியில் வருவதும் இச்சொல்லே. வரி வசூலித்தவர்களில் எத்தனை பேர் அதை நினைவில் வைத்திருந்தனரோ!

நிலவரிக் கணக்கில் இன்றும் வழங்கும் பசலி ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 'பஸ்ல்' என்றால் பருவம், விளைச்சல். நமது ஹிஜ்ரி ஆண்டு பிறைக்கணக்கால் அமைந்தது. அதற்குச் சுமார் 354 நாட்கள். சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாட்கள் குறைவாதலால், ரமலான் மாதம் கோடையிலும் மழைக்காலத்திலும் மாறி மாறி வந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் பருவங்கள் அனைத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. வணக்கத்திற்கு இது அருள். வரிக்கோ பெருந்தொல்லை. பிறைக்கணக்கில் வரி கேட்டால், சில ஆண்டுகளில் கதிர் முற்றும் முன்பே தண்டல்காரர் வாசலில் நிற்பார். ஆகவே அக்பர் காலத்தில், ஹிஜ்ரி எண்ணை வைத்துக்கொண்டு ஆண்டின் நீளத்தை மட்டும் சூரியக் கணக்கில் ஓடவிடும் பசலி முறை வகுக்கப்பட்டது. தக்காணத்தில் இது ஷாஜஹான் காலத்தில், கி.பி. 1636இல் புகுந்தது. அப்போது ஹிஜ்ரி 1046. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 590 வருகிறது. தமிழ்நாட்டில் பசலி ஆண்டுடன் 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைப்பதன் காரணம் இதுவே. நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15ஆம் நாள், பசலி 1357இல் அமைந்தது. 1636இல் ஒரே எண்ணாக இருந்த ஹிஜ்ரியும் பசலியும் அதன் பின்னர் மெல்லப் பிரிந்து, இக்காலத்தில் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் விலகி நிற்கின்றன. சென்னை மாகாணத்தில் தொடக்கத்தில் ஆடி முதல் நாளை ஒட்டிப் பிறந்த பசலி, 1855 முதல் ஜூலை முதல் தேதிக்கு மாற்றப்பட்டது. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா சென்ற ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்கிய கணக்கு, உருமாறித் தமிழ்நாட்டுக் கிராமக் கணக்குப் புத்தகத்தில் வந்து அமர்ந்திருக்கிறது என்பதை, அதைப் புரட்டுகிறவர் பெரும்பாலும் உணர்வதில்லை.

இச்சொற்கள் எப்படி இங்கு வந்தன? 1311இல் மாலிக் காபூர் மதுரை வரை வந்து திரும்பினார். 14ஆம் நூற்றாண்டில் மதுரையில் ஒரு சுல்தானியமும் சில பத்தாண்டுகள் நிலவியது. ஆயினும் கச்சேரிச் சொற்கள் ஆழமாக வேரூன்றியது அதற்குப் பிற்பட்ட காலத்தில்தான். 1649இல் பீஜப்பூர்ப் படை செஞ்சியைப் பிடித்தது. 1698இல் அது முகலாயர் வசமாயிற்று. 18ஆம் நூற்றாண்டு ஆர்க்காட்டு நவாபுகளின் நூற்றாண்டு. தஞ்சையில் மராத்தியர் ஆண்டனர். அவர்களுடைய மராத்திக் கணக்குகளிலும் பாரசீகச் சொற்கள் நிறைந்திருந்தன. ஆகவே மன்னர் இந்துவா முஸ்லிமா என்பது இதில் பெரிய செய்தியன்று. நிலத்தை அளந்து, தீர்வை விதித்து, ரசீது கொடுக்கும் தொழிலுக்கென ஒரு மொழி இந்தியா முழுவதும் பரவியிருந்தது. அதுவே இங்கும் வந்தது. 1801இல் கர்நாடகம் கும்பினியார் கைக்குப் போனபோது ஆள்வோர் மாறினர், சொற்கள் மாறவில்லை. மேலே ஒரு கலெக்டர் வந்து அமர்ந்தார். அவருக்குக் கீழே தாசில்தாரும் சிரஸ்தாரும் முன்சீப்பும் அப்படியே இருந்தனர்.

இச்சொற்கள் அரேபியாவிலிருந்து நேரே வந்தவை அல்ல, பாரசீகத்தில் ஊறித் தக்காணத்தின் வழியே தரைவழியாக வந்தவை என்பதற்கு, நாம் வீட்டில் இருந்தபடியே சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு சான்று உண்டு. அது ஓர் எழுத்து. அரபு நெடுங்கணக்கில் உள்ள ளாத் என்னும் எழுத்து.

அரபியர் தம் மொழியை 'ளாத்தின் மொழி' என்றே பெருமையாகக் கூறிக்கொள்வர். பிற மொழியினர்க்கு எளிதில் வராத ஒலி அது. பாரசீகர் அதனை 'ஸ' போன்ற அதிர்வொலியாக மாற்றிக்கொண்டனர். அது தமிழுக்கு வந்தபோது ஜகரமாயிற்று. இனி மேலே கண்ட கச்சேரிச் சொற்களைப் பாருங்கள். ஜில்லா, ஜப்தி, ஜாமீன், ஆஜர், மகஜர், ராஜினாமா, மாஜி ஆகிய அனைத்திலும் இன்று ஜகரம் நிற்கும் இடத்தில் அரபு மூலத்தில் நிற்பது ளாத். மாஜி அமைச்சர் என்கிறோமே, அந்த மாஜி அரபில் 'மாளீ', அதாவது சென்றுபோனது. ஏழு சொல்லிலும் ஒரே மாற்றம். இது பாரசீகம் இட்ட முத்திரை.

இப்போது நம் வீட்டுச் சொற்களுக்கு வருவோம். நாம் ரமலான் என்கிறோம், ரமளான் என்று எழுதுவோரும் உண்டு. ரம்ஜான் என்று நம் பாட்டிமார் சொன்னதில்லை. தொழுகைக்கு முன் ஒளு செய்கிறோம். உருது பேசும் நம் சகோதரர்கள் வஜு என்பர். நமக்குப் பர்ளு, அவர்களுக்குப் பர்ஜ். காயல்பட்டினத்தில் காழி, மதுரையில் காஜிமார் தெரு. ளாத் என்னும் அதே எழுத்து, தமிழ் முஸ்லிம்களின் நாவில் லகரமாகவும் ளகரமாகவும் ழகரமாகவும் ஒலிக்கிறது; ஜகரமாக ஒலிப்பதில்லை. இது படிப்பறிவில்லாதவரின் கொச்சை என்று சிலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அரபு இலக்கணத்தின் தந்தை எனத்தக்க சீபவைஹி, 8ஆம் நூற்றாண்டில் ளாத்தின் பிறப்பிடத்தைக் கூறுகையில், நாவின் பக்கமும் கடைவாய்ப் பற்களும் பொருந்துமிடம் என்று வகுத்துள்ளார். நாவின் பக்கத்தில் பிறக்கும் ஒலி லகர இனத்தைச் சேர்ந்ததன்றோ! பழைய ளாத்தில் லகரச் சாயல் இருந்தது என மொழிநூலார் கொள்வதற்கு இது ஓர் அடிப்படை. ஸ்பெயின் நாட்டில் 'அல்காளி' என்ற சொல் 'அல்கால்தே' என்று லகரத்துடன் நகரத் தலைவரின் பெயராக நிலைத்திருப்பது இன்னொரு சான்று. மலாய் மொழியில் பர்ளு 'பெர்லு' என்றாகித் தேவை எனப் பொருள்படுகிறது. நம் அண்டையிலுள்ள மலையாள முஸ்லிம்களும் ளகரமாகவே ஒலிக்கின்றனர். கடற்கரை நெடுக ஒரே வகை ஒலிப்பு இருக்கிறது; தரைவழியில் வேறு ஒலிப்பு இருக்கிறது. ரமலான் கப்பலில் வந்த சொல். ரம்ஜான் குதிரையில் வந்த சொல். நாட்காட்டிகளும் நாளிதழ்களும் ரம்ஜான் என்று அச்சிடுவது கச்சேரி வழக்கின் தொடர்ச்சியே.

கப்பல் வழி மிகப் பழையது. சேரநாட்டுக் கொல்லத்தில் 849ஆம் ஆண்டு எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில், சாட்சிக் கையொப்பங்கள் கூஃபி அரபு எழுத்திலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் காணப்படுகின்றன. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு அதில் பேசப்படுகிறது. தமிழகத்தின் கீழைக் கடற்கரையை அரபியர் மஅபர் என்றனர். கடந்து செல்லும் துறை என்று அதற்குப் பொருள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபருக்கு அனுப்ப உடன்பட்டிருந்ததையும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலை என்பதையும் குறித்துள்ளார். கப்பலில் குதிரை மட்டும் வரவில்லை. கப்பலோட்டும் மாலுமி என்ற சொல் வந்தது. அது 'முஅல்லிம்', அதாவது கற்றுத் தருபவர், வழிகாட்டுபவர். கப்பலைத் திருப்பும் சுக்கான் வந்தது. அது அரபில் 'சுக்கான்' என்றே இருக்கிறது. கப்பல் தலைவனாகிய நாகுதா பாரசீகத்திலிருந்து வந்தான். கடல்வழி வந்தவை தொழிற்சொற்களாகவும் வணக்கத்தோடு ஒட்டிய சில சொற்களாகவும் அமைந்தன. ஆட்சிச் சொற்களாக அமையவில்லை.

சொல் ஏற்றுமதியும் நடந்தது. திருமறையில் சுவர்க்க பானத்தைப் பற்றிக் கூறுமிடத்தில் வரும் 'ஸன்ஜபீல்' என்ற இஞ்சியின் பெயர், பாலி முதலிய மொழிகள் வழியாக மேற்கே சென்ற ஒரு திராவிடச் சொல்லின் உருமாற்றம் என்றும், இஞ்சிவேர் என்பதே அதன் அடிச்சொல் என்றும் மொழிநூலார் பலர் கருதுகின்றனர்.

கடல்வழி வந்தவர்கள் இங்கு ஆள வரவில்லை. வணிகம் செய்தனர், மணம் புரிந்தனர், தங்கினர். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தாய்மொழி தமிழ். அந்தத் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் மார்க்கத்தைச் சொல்ல வேண்டியிருந்தபோது, அவர்கள் ஏற்கெனவே அறிந்த சொற்களையே எடுத்துக் கையாண்டனர். தொழுதல் என்பது திருக்குறளின் முதல் அதிகாரத்திலேயே வரும் சொல். நோன்பு, அறவோர் மேற்கொண்ட விரதங்களைக் குறித்து வழங்கிய பழஞ்சொல். பள்ளியோ சமண முனிவர்களின் குகைக் கல்வெட்டுகளிலேயே இடம்பெற்றது. அவர்களுக்கு அது உறைவிடம். மேலே கூறிய தரிசாப்பள்ளி என்பதில் உள்ள பள்ளி, கிறிஸ்தவர்களின் கோயில். பிள்ளைகள் கற்கும் இடமும் பள்ளி. இத்தனை சமயத்தாரும் தொட்டுப் புழங்கிய சொல்லை நம் முன்னோர் கூசாமல் எடுத்து, வாசல் என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, அல்லாஹ்வின் இல்லத்திற்குப் பெயராக வைத்தனர்.

இது தமிழர் மட்டும் செய்த செயலன்று. மலையாள முஸ்லிம்கள் நிஸ்காரம் என்றும் நோம்பு என்றும் பள்ளி என்றும் பெருநாள் என்றும் கூறுகின்றனர். மலாய் முஸ்லிம்கள் தொழுகையை 'செம்பாஹ்யாங்' என்றும், நோன்பை உபவாசம் என்பதிலிருந்து பிறந்த 'புவாசா' என்றும் வழங்குகின்றனர்; அவர்களுடைய 'ஹாரி ராயா' நம் பெருநாளின் நேர்மொழியே. அதே நேரத்தில், ஹஜ்ஜும் ஜகாத்தும் இங்கெல்லாம் அரபாகவே நின்றன. காரணம் எளிது. தொழுதலும் நோற்றலும் எந்த நாட்டு மக்களும் முன்பே அறிந்த செயல்கள். குறிப்பிட்ட ஓரிடத்திற்குக் குறிப்பிட்ட நாட்களில் செல்லும் கடமைக்கும், குறித்த அளவில் கொடுத்தே தீர வேண்டிய பொருட்கடமைக்கும் ஈடான சொல் அவர்களிடம் இல்லை. தருமம் என்று சொன்னால் அது ஜகாத் ஆகாது. எதை மொழிபெயர்க்கலாம், எதை மொழிபெயர்க்கக் கூடாது என்பதை அந்தக் கடலோர மக்கள் மிகத் தெளிவாக அறிந்திருந்தனர்.

இந்த இடத்தில் நமாஸ் என்ற சொல்லைப் பற்றி ஒரு செய்தி கூறியாக வேண்டும். தொழுகை என்பது வெறும் தமிழ்ச்சொல், நமாஸ் என்பதே இஸ்லாமியச் சொல் என்ற எண்ணம் நம் இளைஞர் சிலரிடம் காணப்படுகிறது. நமாஸ் அரபு அன்று. திருமறையின் சொல் 'ஸலாத்'. நமாஸ் பாரசீகர்கள் இஸ்லாத்தைத் தழுவுவதற்கு முன்பே தம் பழைய வழிபாட்டுக்கு வழங்கி வந்த சொல். வடமொழியின் 'நமஸ்' என்பதற்கு அது உறவு. ரோஜா என்னும் நோன்புப் பெயரும் 'ரோஸ்', அதாவது நாள் என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததே. பாரசீகர் தம் மொழியில் செய்ததைத்தான் நாம் நம் மொழியில் செய்தோம். நமாஸ் எவ்வளவு இஸ்லாமியமோ, தொழுகையும் அவ்வளவு இஸ்லாமியம். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் நமாஸ் என்பது அவர்களுக்கு இயல்பு. அதில் குறைகாண நமக்கு உரிமையில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் தொழுகையை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வதுதான் நமக்கு விளங்கவில்லை.

விதிவிலக்குகளையும் மறைக்க வேண்டியதில்லை. பாங்கு, கந்தூரி, தர்கா ஆகியவை பாரசீகம். ஹுர்முஸ், கீஷ் முதலிய துறைகளிலிருந்து வந்த கப்பல்களில் பாரசீகம் பேசியோரும் இருந்தனர் அல்லவா? தமிழும் அரபும் ஒரே சொல்லில் கலந்ததற்கோ மோதினார் ஓர் இனிய எடுத்துக்காட்டு. 'முஅத்தின்' என்ற அரபுச் சொல்லைத் தமிழ் வாய்க்கு ஏற்ப 'மோதின்' ஆக்கி, அதன் மேல் தமிழின் மரியாதை விகுதியாகிய 'ஆர்' சேர்த்துவிட்டனர். பாங்கு சொல்லும் எளிய மனிதருக்கு அவ்வளவு மதிப்பு. பொருள் தேடிக் கடல் கடந்து இலங்கை, பர்மா, பினாங்கு சென்றவரைச் சபராளி என்றோம். 'சபர்' என்னும் அரபுப் பயணத்தோடு தமிழ் 'ஆளி' சேர்ந்துவிட்டது.

புலவர்களும் இதே நெறியைப் பின்பற்றினர். 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் பாடிய ஆயிரம் மசலாவில் 'மசலா' அரபு, 'ஆயிரம்' தமிழ். உமறுப் புலவர் 5,000க்கும் மேற்பட்ட விருத்தங்களால் பாடிய சீறாப்புராணத்தில் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்ற அரபுப் பெயர்களோடு காண்டம் என்ற காப்பியச் சொல் இணைந்து நிற்கிறது. கிஸ்ஸாவும் முனாஜாத்தும் நாமாவும் புதிய இலக்கிய வகைகளாகத் தமிழுக்குள் நுழைந்தன. இவற்றைப் பற்றி அறிஞர் பலர் விரிவாக எழுதியிருத்தலின் நாம் மேலே செல்கிறோம்.

குறைவாகப் பேசப்படுவது அரபுத்தமிழ். தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில் எழுதிய முறை அது. அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டினர். பகரத்திற்கு, ஃபே எழுத்தின் கீழே புள்ளி வைத்தனர். ளகர ழகர இனத்து ஒலிக்கு எந்த எழுத்தை எடுத்தனர் தெரியுமா? ளாத் எழுத்தையே எடுத்து, அதன் கீழே ஒரு புள்ளியிட்டனர். அவர்கள் காதில் ளாத் எப்படி ஒலித்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களைப் போன்ற பெரியோர் இவ்வெழுத்தில் மார்க்க நூல்கள் இயற்றினர். பெண்மக்கள் பலர் தமிழ் எழுத்தைக் கற்கவில்லையாயினும், குர்ஆன் ஓதக் கற்றதால் அரபு எழுத்தை அறிந்திருந்தனர். அவர்களுக்கு மார்க்க அறிவைத் தந்தது அரபுத்தமிழ். சபராளியாகப் போன கணவருக்கு அவர்கள் கடிதம் எழுதியதும் அதில்தான். 20ஆம் நூற்றாண்டில் தமிழ் எழுத்தறிவு பெருகியபோது அது மெல்ல வழக்கொழிந்தது.

இன்று இரு பக்கமும் மாற்றம் நிகழ்கிறது. 1956இல் தமிழ் ஆட்சிமொழியான பின், ஜில்லா மாவட்டமாயிற்று, தாலுகா வட்டமாயிற்று, இலாகா துறையாயிற்று, வக்கீல் வழக்கறிஞரானார், தாசில்தார் வட்டாட்சியரானார். தமிழ் தன் பழைய சொற்களை எடுத்துக்கொள்வதில் நமக்கு மகிழ்ச்சியே. ஜமாபந்தியும் பசலியும் மட்டும் இன்னும் அசையவில்லை. கச்சேரி அரபை விட்டுக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், நம் வீடுகளோ தமிழை விட்டுக்கொண்டிருக்கின்றன. நோன்பு திறப்பு இஃப்தார் ஆகிவிட்டது. பெருநாள் வாழ்த்து 'ஈத் முபாரக்' ஆகிவிட்டது. ரமலான் என்று ஓதிக்கொடுத்த வீட்டிலேயே பேரப்பிள்ளை ரம்ஜான் என்கிறது. அரபைக் கற்பது வேறு; அதை எவ்வளவு கற்றாலும் நன்றே. ஆயிரம் ஆண்டுகளாக நம் தாய்மார் தொழுத தமிழ்ச் சொல்லுக்கு வெட்கப்படுவது வேறு.

கடற்கரை ஊர்களில் பழைய வீடுகளின் மாடி அறைகளில் அரபு எழுத்துத் தாள்கள் அடங்கிய பெட்டிகள் பல இருக்கின்றன. குர்ஆன் பிரதியின் பக்கங்களோ என்று அஞ்சி, எவரும் தொடாமல், கறையான் அரிக்க விட்டவையும் உண்டு. பழுதுபட்ட திருமறைத் தாள்களுடன் சேர்த்து மரியாதையாகப் புதைக்கப்பட்டவையும் உண்டு. பாட்டனாரின் கடன் கணக்கும், பாட்டியாரின் கடிதமும், மருத்துவக் குறிப்பும், தாலாட்டும் அவற்றில் இருக்கக்கூடும். அரபு எழுத்தை அறிந்த நம் பிள்ளைகள், கூட்டப்பட்ட சில எழுத்துகளை மட்டும் பழகிக்கொண்டால் அவற்றைத் தாமே படித்துவிடலாம். அடுத்த முறை அத்தகைய பெட்டி திறக்கப்படும்போது, மேலே உள்ள தாளை வெளிச்சத்தில் பிடித்து, திருமறை எழுத்தில் நாம் காணாத இடத்தில், ளாத்துக்குக் கீழே, ஒரு புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தாள் அரபு அன்று, தமிழ்.